'18 இன்புட்'னு போட்டிருக்கு... ஆனா 8 மைக்தான் சொருக முடியுது! ஆடியோ இன்டர்ஃபேஸில் மீதி சேனல்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன?

வீட்டில் ஒரு சின்ன அறை. ஒரு லேப்டாப், இரண்டு மைக் சொருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன். கவர் பாட்டு பாடவும், பாட்காஸ்ட் பேசவும் இது தாராளமாகப் போதும்.

ஒருநாள் அந்த அறைக்கு ஒரு கச்சேரி செட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று. கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று. மொத்தம் ஆறு. கையில் இருப்பதோ இரண்டு ஓட்டை.

'ஒவ்வொருத்தரா வாசிக்க வெச்சு ரெக்கார்டு பண்ணிக்கலாமே' என்று தோன்றும். சினிமா பாட்டுக்கு அது சரி. ஆனால் பாடகர் எடுக்கும் சங்கதியைப் பார்த்து, அந்த நொடியில் வாசிக்கும் மிருதங்கத்துக்கு அது சரிப்படாது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அது கச்சேரி.

அப்போ என்ன பண்ணலாம்? இருக்கிற இன்டர்ஃபேஸை விற்றுவிட்டு பெரியதாக ஒன்று வாங்கணுமா? கடைக்குப் போவதற்கு முன்னால், அந்தப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். சின்னதாக, சதுரமாக, ஒரு மூடியோடு ஓர் ஓட்டை இருக்கிறதா? இருந்தால், உங்களிடம் ஏற்கெனவே எட்டு சேனல்கள் காலியாகக் கிடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

பெட்டியில் போட்டிருக்கும் எண் சொல்வது என்ன?

ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 18ஐ20 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். 18 இன்புட், 20 அவுட்புட் என்பதுதான் பெயரின் அர்த்தம். ஆனால் மைக் சொருகும் இடங்களை எண்ணினால் எட்டுதான் வரும். மீதி பத்து எங்கே போச்சு?

ஏமாற்று வேலை எதுவும் இல்லை. எட்டு இன்புட் நேரடி அனலாக். இரண்டு, எஸ்பிடிஐஎஃப் எனப்படும் டிஜிட்டல் வழி. மிச்சம் எட்டு, அந்தச் சதுர ஓட்டை வழியாக ஒளியாக உள்ளே வருபவை. கூட்டிப் பாருங்கள், 18 சரியாக வரும்.

சின்னப் பெட்டிகளிலும் இதே கதைதான். ஆடியன்ட் ஐடி14 எம்கே2 மாடலில் மைக் இன்புட் வெறும் இரண்டு. ஆனால் '10 இன்புட்' என்றே விற்கிறார்கள். இரண்டு மைக், எட்டு ஒளிவழி சேனல். 'பத்து மைக் சொருகலாம் போல' என்று நினைத்து ஆர்டர் போட்டுவிட்டு, பார்சலைப் பிரித்ததும் முழிப்பவர்கள் உண்டு. எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. அதில் எத்தனை மைக், எத்தனை டிஜிட்டல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எட்டு சேனல், ஒரே ஒரு ஒயர்... எப்படி?

இந்த ஒளிவழிக்குப் பெயர் அடாட். 1991-ம் ஆண்டு அமெரிக்காவின் அலிசிஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒரு ரெக்கார்டிங் மெஷினின் பெயர் இது. எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் எட்டு டிராக் டிஜிட்டல் ஒலியைப் பதிவு செய்யும் இயந்திரம். அதுவரை லட்சக்கணக்கில் செலவு பிடித்த டிஜிட்டல் பதிவை, வீட்டு ஸ்டூடியோ வரைக்கும் கொண்டு வந்தது இதுதான். 1995-ல் வெளியாகி, சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கிய அலனிஸ் மோரிசெட்டின் 'ஜாக்ட் லிட்டில் பில்' ஆல்பத்தின் பதிவுக்கு இந்த மெஷின்தான் பயன்பட்டது.

கேசட் மெஷின் இப்போது மியூசியம் சமாச்சாரம். ஆனால் மெஷினுக்கு மெஷின் எட்டு டிராக்கையும் அனுப்ப அவர்கள் வகுத்த ஒளிவழி முறை மட்டும் 30 வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. அந்த மெஷினில் எட்டு டிராக் இருந்ததால்தான் இன்றைக்கும் எட்டு சேனல்!

ஒயர் இன்னும் சுவாரஸ்யம். 1983-ல் டோஷிபா நிறுவனம் சிடி பிளேயருக்காக உருவாக்கிய டாஸ்லிங்க் கேபிள்தான் இது. டிவியிலிருந்து சவுண்ட்பாருக்குப் போகுமே, சிவப்பு வெளிச்சம் தெரியும் ஆப்டிகல் கேபிள், அதேதான். அதனால் 'ஸ்டூடியோ கேபிள்' என்று தனியாகத் தேடி அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. நீளம் மட்டும் ஐந்து மீட்டருக்குள் இருப்பது நல்லது. முறுக்கி மடக்கினால் உள்ளே ஒளி போகாது.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஓட்டை ஒன்றாக இருந்தாலும் உள்ளே பேசும் மொழி இரண்டு. எஸ்பிடிஐஎஃப் மொழியில் இரண்டு சேனல்தான் போகும். அடாட் மொழியில் எட்டு. சில இன்டர்ஃபேஸ்களில் அந்த ஓட்டை எஸ்பிடிஐஎஃப் மட்டுமே பேசும். சிலவற்றில் சாஃப்ட்வேரில் போய் அடாட் என்று மாற்றிக்கொள்ளலாம். மேனுவலில் 'அடாட்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த செலவுக்குப் போகாதீர்கள். வட்டமான ஆர்சிஏ சொருகு மட்டும் இருந்தால் அது எஸ்பிடிஐஎஃப். அதன் வழியாக எட்டு சேனல் வராது.

வேறு என்ன வாங்க வேண்டும்?

எட்டு மைக் சொருகும் ஒரு தனிப் பெட்டி. எட்டு சேனல் மைக் ப்ரீஆம்ப் என்று கேட்கலாம். அடாட் அவுட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெரிங்கர் ஏடிஏ8200, ஃபோகஸ்ரைட் ஆக்டோப்ரீ, ஆடியன்ட் ஏஎஸ்பி800 எல்லாம் இந்த ரகம். மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்குவது, கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுப்பது, ஒலியை எண்களாக மாற்றுவது, எல்லாமே இந்தப் பெட்டிக்குள் முடிந்துவிடும். உங்கள் இன்டர்ஃபேஸ் அந்த எண்களை வாங்கி யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குக் கடத்தும், அவ்ளோதான்.

அதனால், 'விலை குறைந்த இன்டர்ஃபேஸில் சேர்த்தால் சவுண்ட் கெட்டுப்போகுமா?' என்ற பயம் வேண்டாம். ஒளியில் வருவது எண்தான். அந்த எட்டு மைக்கின் தரத்தையும் தீர்மானிப்பது புதுப் பெட்டி. வால்யூம் கூட்டிக் குறைப்பதும் அதன் முன்பக்கத் திருகில்தான். லேப்டாப்பில் மவுஸை உருட்டி ஒன்றும் ஆகாது.

இணைப்பது சுலபம். புதுப் பெட்டியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு கேபிள். முனையில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள். சிரிக்க வேண்டாம், 'சிக்னலே வரலை' என்பதற்கு முதல் காரணமே பல நேரம் அதுதான். மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். புது மைக்குகள் கடைசி எண்களில் வரிசையாக நிற்கும். ஐடி14-ல் 3 முதல் 10 வரை. 18ஐ20-ல் 11 முதல் 18 வரை. 'மூன்றாவது மைக்தானே' என்று பெரிய பெட்டியில் மூன்றாவது இன்புட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சத்தமே வரவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

எல்லாரும் சறுக்குவது இங்கேதான்: கடிகாரம்!

ஒலியை டிஜிட்டலாகப் பதிவு செய்வது என்றால், அதை வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக எழுதி வைப்பது. எப்போது அளக்க வேண்டும் என்று சொல்ல ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஒரு பெட்டி மட்டும் இருந்தவரை பிரச்சினை இல்லை. இப்போது இரண்டு பெட்டி, இரண்டு கடிகாரம்.

இரண்டு பேரை இரண்டு அறையில் உட்கார வைத்து ஆதி தாளம் போடச் சொல்லுங்கள். இருவரும் கெட்டிக்காரர்கள்தான். ஒரே வேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்தால் ஒருவர் சமத்திலும் இன்னொருவர் எங்கேயோ நடுவிலும் இருப்பார். யார் மேலும் தப்பில்லை. ஒருவர் மற்றவரைக் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

பெட்டிகளுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒரு கடிகாரம் வினாடிக்குச் சரியாக 48,000 என்று அளக்கிறது. இன்னொன்று அதைவிட வெறும் அரை எண்ணிக்கை வேகமாக ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு வினாடிக்கு ஒரு சாம்பிள் உபரியாக வந்து நிற்கும். வைக்க இடம் இல்லாததால் அது தூக்கி எறியப்படும். அந்த இடத்தில் ஒலியலை வெட்டுப்பட்டு 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டு வினாடிக்கு ஒரு டிக், பாட்டு முழுக்க.

இதில் கொடுமை என்னவென்றால், பதிவு நடக்கும்போது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மிருதங்கமும் கடமும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சின்ன டிக் அடியோடு அடியாகக் கலந்துவிடும். எல்லாரும் காபி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, ராத்திரி தனியாக ஹெட்போனில் ஆலாபனையைக் கேட்கும்போதுதான் தெரியும். வயதான ஒரு வித்வான் அன்றைக்கு அபூர்வமாகப் பாடிய ராகம் அது என்றால், மறுபடி அவரை உட்கார வைத்து அதையே பாடச் சொல்ல முடியுமா? டிக் சத்தத்தை ஒவ்வொன்றாக நீக்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு மணி நேரக் கச்சேரியில் இரண்டு வினாடிக்கு ஒன்று என்றால் 1,800 டிக்.

தீர்வு என்ன? ஒரு பெட்டி தாளம் போடட்டும், மற்றது அதைப் பார்த்துப் போடட்டும். அடாட் ஒளியில் ஒலியோடு சேர்ந்து கடிகாரத் துடிப்பும் வருகிறது. அதைக் கேட்கச் சொல்வதுதான் நம் வேலை.

இன்டர்ஃபேஸில் ஆப்டிகல் இன் மட்டும் இருந்தால் வழி ஒன்றுதான். புதுப் பெட்டியின் ஸ்விட்சை 'இன்டர்னல் 48' என்று வையுங்கள், அதுதான் தலைவர். இன்டர்ஃபேஸின் சாஃப்ட்வேரில் கிளாக் சோர்ஸ் என்ற இடத்தை 'அடாட்' அல்லது 'ஆப்டிகல்' என்று மாற்றுங்கள். 'லாக்' என்றோ 'சிங்க்' என்றோ காட்டினால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஆப்டிகல் இன், அவுட் இரண்டும் இருந்தால் கூடுதலாக ஒரு கேபிளை எதிர்த்திசையில் போட்டு இன்டர்ஃபேஸையே தலைவராக வைக்கலாம். அப்போது புதுப் பெட்டியின் ஸ்விட்ச் 'அடாட் இன்' பக்கம் இருக்க வேண்டும். இரண்டில் எது சிறந்தது என்று இணையத்தில் சண்டையே நடக்கும். வீட்டு ஸ்டூடியோவுக்கு இரண்டுமே ஒன்றுதான். இரண்டு பெட்டியும் 'நான்தான் தலைவர்' என்று நிற்கக் கூடாது. இரண்டும் 'நீ முதல்ல போடு' என்றும் நிற்கக் கூடாது.

இன்னொரு விபத்தும் இதே குடும்பம்தான். புதுப் பெட்டி 48 கிலோஹெர்ட்ஸில் தாளம் போட, சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் 44.1 என்று திறந்திருந்தால், சில நேரம் எச்சரிக்கையே இல்லாமல் பதிவு நடந்துவிடும். பிறகு போட்டுக் கேட்டால் பாட்டு மெதுவாக ஓடும். சுருதி அரைக் கட்டைக்கும் மேலே இறங்கியிருக்கும். பயப்பட வேண்டாம், எண்கள் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். ஃபைலில் எழுதியிருக்கும் சாம்பிள் ரேட்டை 48 என்று திருத்தினால் சுருதி திரும்பி வந்துவிடும். டிக் விழுந்த பதிவுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு சுருதிப் பெட்டி போதும்

டிக் சத்தத்தைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியையோ, போனில் இருக்கும் தம்புரா ஆப்பையோ ஓடவிட்டு, அதன் முன்னால் புதுப் பெட்டியில் சொருகிய ஒரு மைக்கை வையுங்கள். பத்து நிமிஷம் பதிவு செய்யுங்கள். பிறகு ஹெட்போனில் கேளுங்கள். நிற்காமல் ஒரே சீராக ஓடும் ஒலியில் ஒரே ஒரு டிக் விழுந்தாலும் காதில் குத்தும். பேச்சை வைத்துச் சோதித்தால் பல நேரம் தப்பிவிடும்.

கலைஞர்கள் வருவதற்கு முந்தைய நாளே இதைச் செய்துவிடுவது நல்லது. அன்றைக்குக் காலையில் செய்தால் பதற்றத்தில் எந்த ஸ்விட்ச் எங்கே இருந்தது என்றே மறந்துவிடும்.

96-ல் பதிவு செய்தால் ஏன் சேனல் குறைகிறது?

ஒளிவழியின் அகலம் மாறாது. 44.1, 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல் போகும். 96-க்கு ஏற்றினால் ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு மடங்கு எண்கள் வருவதால் நான்குதான் போகும். 192 என்றால் இரண்டே இரண்டு. பெரிங்கர் ஏடிஏ8200 போன்றவை 48-க்கு மேல் போகவே போகாது.

இதற்காக வருத்தப்படத் தேவையில்லை. வீடியோவுக்கும் சினிமாவுக்கும் புழக்கத்தில் இருப்பது 48தான். யூடியூபில் போடப்போகும் கச்சேரிக்கு ஆறு மைக்கும் 48-ல் இருப்பதுதான், 96-ல் நான்கு மைக்கோடு நிற்பதைவிட உபயோகம்.

மிருதங்கத்தின் இரண்டு மைக்கையும் பிரிக்காதீர்கள்

இது சின்ன விஷயம், ஆனால் நிறைய பேர் யோசிப்பதில்லை. கடிகாரம் ஒன்றாக ஓடினாலும், ஒலியை எண்ணாக மாற்ற ஒவ்வொரு பெட்டியும் எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் வித்தியாசப்படும். மில்லி வினாடிக் கணக்குதான். பாட்டு ஒரு பெட்டியிலும் வயலின் இன்னொன்றிலும் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் வலந்தலை மைக் பழைய பெட்டியிலும், தொப்பி மைக் புதுப் பெட்டியிலும் இருந்தால் சிக்கல். ஒரே வாத்தியத்தின் ஒலி இரண்டு மைக்கிலும் விழுவதால், அந்தச் சின்ன நேர வித்தியாசத்தில் அலைகள் ஒன்றையொன்று தின்று, நாதம் மெலிந்து கேட்கும். ஜோடியாக வைக்கும் மைக்குகள் ஒரே பெட்டியில் இருக்கட்டும்.

அதேபோல, சேனல் கூடியதால் அறை பெரிதாகிவிடாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் உட்கார்ந்தால் கடத்தின் சத்தம் பாட்டு மைக்கிலும் விழத்தான் செய்யும். ஹெட்போன் சொருகும் இடமும் பழையபடி ஒன்றோ இரண்டோதான். வாசிப்பவர்களுக்கும் ஹெட்போன் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு ஹெட்போன் ஆம்ப் வாங்க வேண்டி வரும். பட்ஜெட் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்டிகல் ஓட்டையே இல்லாதவர்கள் என்ன செய்வது?

ஸ்கார்லெட் சோலோ, 2ஐ2 மாதிரி ஆரம்ப மாடல்களில் இந்த வழி கிடையாது. யுஎஸ்பி ஹப் வாங்கினால் சேனல் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள், கூடாது.

மேக் கம்ப்யூட்டர் என்றால் இரண்டு இன்டர்ஃபேஸை 'அக்ரிகேட் டிவைஸ்' என்ற வசதியில் சேர்த்து ஒன்றாகக் காட்டலாம். கடிகாரப் பிரச்சினை அங்கேயும் உண்டு என்பதால் 'ட்ரிஃப்ட் கரெக்‌ஷன்' என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். விண்டோஸில் பெரும்பாலான ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள் ஒரு நேரத்தில் ஒரு ஏசியோ டிரைவரைத்தான் ஏற்கும். இரண்டை ஒட்டவைக்கும் குறுக்கு வழிகள் இருக்கின்றன; ஆனால் திரும்ப எடுக்க முடியாத ஒரு பதிவை அதை நம்பி வைப்பது ரிஸ்க்.

அனலாக் மிக்சரில் ஆறு மைக்கையும் சொருகி இரண்டு சேனலாக உள்ளே அனுப்பலாம். செலவு குறைவு. ஆனால் அங்கேயே கலந்துவிடும். பிறகு 'கடத்தை மட்டும் கொஞ்சம் குறைங்க' என்று யாராவது கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான். மிக்சர் பழகிய நல்ல காது பக்கத்தில் இருந்தால் இதுவும் மோசமில்லை.

வருஷத்துக்கு ஒருமுறைதான் ஆறு மைக் தேவை என்றால் எட்டு சேனல் பெட்டியை ஒருநாள் வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். அடிக்கடி தேவை, கையில் ஆப்டிகல் ஓட்டையும் இல்லை என்றால், பழைய இன்டர்ஃபேஸைக் கொடுத்துவிட்டு எட்டு மைக் உள்ள ஒன்றையே வாங்குவது தலைவலி இல்லாத வழி.

செகண்ட் ஹேண்டில் ப்ரீஆம்ப் பெட்டி வாங்குபவர்கள், கையில் ஒரு மைக்கோடும் தங்கள் இன்டர்ஃபேஸோடும் போங்கள். பல வருஷம் ராக்கில் சூடாக ஓடிய பெட்டிகளில் ஏழு சேனல் வேலை செய்து ஒன்று மட்டும் கரகரக்கும். எட்டு ஓட்டையிலும் மாறி மாறி மைக்கைச் சொருகி, 48 வோல்ட் ஸ்விட்சைப் போட்டு, ஒளிவழியாக ஒரு நிமிஷம் பதிவு செய்து கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.